மாத்திரை ஒத்துக்கலைன்னா ப்ராஸ்டேட்டுக்கு ஆபரேஷன்தானா? எனக்கு நடந்தத சொல்றேன்

கேட்டவரு அவங்க அப்பாவுக்காகக் கேட்டிருக்காரு, 67 வயசு, ப்ராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) வீக்கத்துக்கு மாத்திரை போட்டா தலை சுத்துது, அசதியா இருக்கு, நிறுத்திட்டு வேற ஏதாவது செய்யலாமான்னு. நான் டாக்டர் இல்ல, காரைக்குடி பக்கம் ரிட்டயர் ஆகி உக்காந்திருக்கிற ஆளு, ஆனா இந்த விஷயத்துல நாலு வருஷம் அடிபட்டவன்.

மொதல்ல ஒண்ணு, நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க. எந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னு பிரிச்சுப் பாருங்க. நிறைய பேருக்கு ஒரே கேப்ஸ்யூல்ல ரெண்டு மருந்து சேர்த்துத் தர்றாங்க, எனக்கும் அப்படித்தான், டேமுலோசினும் டுடாஸ்டெரைடும். டேமுலோசின் மூத்திரப்பை வாசல்ல இருக்கிற தசைய தளர்த்துது, சில நாள்லயே ஒண்ணுக்கு சுலபமா வரும், ஆனா பிபி இறங்கி எழுந்திரிக்கும்போது கிறுகிறுக்கலாம். டுடாஸ்டெரைடு சுரப்பிய கொஞ்சம் கொஞ்சமா சுருக்குது, முழு பலன் தெரிய ஆறு மாசம் ஆகும், அதுல சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், நெஞ்சுல காம்பு வலிக்கும். ரெண்டும் வேற வேற குற்றவாளி. எனக்கு மொதல்ல எழுதிக் கொடுத்த டாக்டர் இதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல.

எனக்கு என்ன ஆச்சுன்னா, மாசக் கார்த்திகைக்கு குன்றக்குடி போயிட்டு வந்து அன்னிக்கு முழுக்க விரதம், ராத்திரி வெறும் பால் மட்டும் குடிச்சிட்டு வழக்கம்போல மாத்திரையயும், கூடவே பிபி மாத்திரையயும் போட்டுப் படுத்துட்டேன். எங்க வீடு பழைய வீடு, முகப்புல இருந்து வளவு (நடு முற்றம்) தாண்டி, இரண்டாங்கட்டு தாண்டி கொல்லைக்குப் போனாத்தான் பாத்ரூம், ஒவ்வொரு நிலைப்படியும் முழங்கால் பாதி உசரம் இருக்கும். ரெண்டு மணிக்கு அவசரமா எழுந்து போனவன் வளவுத் தூணப் பிடிச்சபடியே சரிஞ்சிட்டேன். மகன் ஓடி வந்து "அப்பச்சி எந்திரிக்காதீங்க, அப்படியே படுங்க"ன்னு கத்துறான், எனக்கு எங்க இருக்கேன்னே தெரியல. அப்புறம் மதுரையில பாத்த யூராலஜிஸ்ட், அதாவது மூத்திரக் கோளாறு டாக்டர், கேட்ட மொத கேள்வியே "சாப்பிட்ட பிறகா, வெறும் வயித்துலயா?" வெறும் வயித்துல போட்டா டேமுலோசின் ரத்தத்துல கூடுதலா ஏறுமாம், அதனாலதான் தினமும் ஒரே வேளை சாப்பாடு முடிஞ்சு அரை மணி கழிச்சுப் போடச் சொல்றது. உங்க அப்பா எப்படிப் போடுறாருன்னு இன்னிக்கே கேளுங்க, பிபி மாத்திரை நேரத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பாதி பேருக்கு பிரச்சனை அங்கயே தீந்தாலும் ஆச்சரியமில்ல.

அது தீரலைன்னா மருந்த மாத்தலாம். எனக்கு சைலோடோசின் கொடுத்தாங்க, கிறுகிறுப்பு போச்சு, ஆனா விந்து வெளிய வராம பின்னாடி மூத்திரப்பைக்குப் போயிடும், உடம்புக்கு ஆபத்தில்லன்னாங்க, எனக்கும் அது பெருசாத் தெரியல. அது வேணாம்னா அல்ஃபுசோசின்ல அந்தத் தொல்லை குறைவு. விறைப்புதான் குறைன்னா தினம் 5 மில்லிகிராம் டடலஃபில்னு ஒரு வழி இருக்கு, ஆனா நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுறவங்க அதைத் தொடவே கூடாது. இன்னும் ரெண்டு விஷயம், டுடாஸ்டெரைடு போட்டா பிஎஸ்ஏ டெஸ்ட்டு (ப்ராஸ்டேட் புற்றுநோய் சந்தேகம் இருக்கான்னு பாக்கிற ரத்த டெஸ்ட்டு) நம்பர் பாதிக்குப் பாதி இறங்கிக் காட்டும், டெஸ்ட் பாக்கிறவருக்கு அது தெரியணும். கண்புரை ஆபரேஷன் வருதுன்னா டேமுலோசின் எப்பவாவது போட்டிருந்தாக்கூட கண் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆபரேஷன் நடுவுல கண்மணிப் பாப்பா ஒழுங்கா விரியாம சுருங்கி கஷ்டம் கொடுக்குமாம்.

காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில நெருஞ்சில் வாங்கி கஷாயம் போட்டுக் குடிச்சவன் நானு. எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுக்கு நிறைய வரத்தான் குடிக்கிறது, இங்க தண்ணி வரத்து குறைவு இல்ல, வாசல்தான் அடைச்சிருக்கு! ராத்திரி ஏழு மணிக்கு மேல காபி டீயயும் தண்ணியயும் குறைச்சது அதவிட வேலை செஞ்சுது.

அப்புறம் எப்படி ஆபரேஷனுக்கு வந்தேன்னா, சளிக்குன்னு கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு பல்லவன் ரயில்ல சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன், சாயங்காலம் ஒரு சொட்டு வரல. அடிவயிறு கல்லு மாதிரி. ராத்திரி ட்யூப் போட்டு எடுத்தாங்க. சளி மாத்திரை பலதுல இருக்கிற மருந்து அந்த வாசல இறுக்கும், எனக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். ட்யூப எடுத்தும் ரெண்டு தடவை அடைச்சதால மதுரைக்கே வந்து லேசர் பண்ணிக்கிட்டேன், சுரப்பி 58 கிராம்.

லேசர்ல குடைஞ்சு எடுக்கிறது, டியுஆர்பின்னு கம்பி விட்டுச் சுரண்டி எடுக்கிறது, ரெண்டும் நல்லா வேலை செய்யும், பெரிய சுரப்பிக்கு லேசர்தான் சௌகரியம். ஆனா ரெண்டுலயும் பெரும்பாலானவங்களுக்கு விந்து பின்னாடி போறது நிரந்தரம், மாத்திரை பக்கவிளைவுக்குப் பயந்து ஆபரேஷனுக்குப் போறவங்க இத தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். எனக்கு ரெண்டு நாள் ட்யூப், அப்புறம் ஒரு மாசம் சிரிச்சா தும்முனா கசியும், இப்ப ஒண்ணுமில்ல. விந்து வழக்கம்போல வெளிய வர்றத காப்பாத்தணும்னு நினைக்கிற வயசுக்காரங்களுக்கு கிளிப் போட்டு சுரப்பிய ஒதுக்கிக் கட்டுற முறையும், நீராவி ஊசி முறையும் இருக்கு. பொதுவா 80 கிராமுக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான். நீராவில பலன் தெரிய சில வாரம் ஆகும். ஆபரேஷன் மயக்கமே தாங்காதவங்களுக்கு ரத்தக்குழாய் வழியா போயி சுரப்பிக்குப் போற ரத்தத்த அடைக்கிற முறையும் உண்டு. இதெல்லாம் எல்லா ஊர்லயும் கிடைக்காது, செலவும் கூட.

ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோட எரிச்சல் வந்தாலோ பதில் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. மத்தபடி உங்க அப்பாவோட மாத்திரை அட்டையில உள்ள பேரு, ஸ்கேன்ல சுரப்பி எத்தனை கிராம், ஒண்ணுக்கு போன பிறகு எத்தனை மில்லி மிச்சம் நிக்குது, இந்த மூணும் இல்லாம எந்த வழி ஒத்து வரும்னு நான் மட்டுமில்ல, டாக்டரே சொல்ல முடியாது. அந்த மூணையும் எடுத்து வச்சிட்டு யூராலஜிஸ்ட்டப் பாருங்க, கூடவே "கிறுகிறுப்பு", "ஆசை இல்ல"ன்னு தனித்தனியா சொல்லச் சொல்லுங்க. எங்க ஊர் ஆம்பளைங்க அந்த ரெண்டாவத மட்டும் சொல்லவே மாட்டாங்க, நானே ரெண்டு வருஷம் சொல்லல.