பாலிசைத்தீமியா வெரா: ஃபெரிட்டின் குறைந்தால் இரும்பு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பாலிசைத்தீமியா வெரா, ஜாக்2 (மரபணு மாற்றம்) பாசிட்டிவ். அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். இப்போது ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) மிகக் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரும்பு மாத்திரை கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். இது எலும்பு மஜ்ஜை சிவப்பணுவை அளவுக்கு மீறிச் செய்யும் ரத்தநோய். ரத்தம் எடுப்பதன் நோக்கத்தில் பாதியே இரும்பைக் குறைப்பதுதான்.

சாதாரணமாகச் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனை அனுப்பினால்தான் எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்யும். ஜாக்2 மரபணு மாறிய செல்லுக்கு அந்த உத்தரவு தேவையில்லை; தன்பாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கும். மருந்து இல்லாதபோது அதைத் தடுப்பது மூலப்பொருளான இரும்பின் தட்டுப்பாடுதான். ஒருமுறை 500 மில்லி எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் ஏற்பது நாளைக்கு 1, 2 மில்லிகிராம்தான். நாலைந்து தடவையில் கையிருப்பு காலி. அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் சில வாரங்களில் ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தின் சதவீதம்) எகிறிவிடும். சத்து மாத்திரை, டானிக் லேபிள்களையும் பாருங்கள். பலவற்றில் இரும்பு இருக்கும்.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துவிடும், எண்ணிக்கை குறையாது. சிவப்பணு 65 லட்சம், எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 68 என்றால் ஹீமடோக்ரிட் சுமார் 44. அதே 65 லட்சத்துக்கு எம்சிவி 75 ஆனால் கிட்டத்தட்ட 49. இலக்கு 45-க்குக் கீழே. 2013-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், 45 முதல் 50 வரை விடப்பட்டவர்களுக்கு இதய, ரத்தநாள மரணமும் பெரிய ரத்தக்கட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு. ரத்தம் எடுக்கும் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வயதானவர், இதய நோயாளி என்றால் 250 மில்லியாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடும் சோர்வு, மூச்சிரைப்பு, இரவில் கால் குடைச்சல், ஐஸ் கட்டி தின்னும் ஆசை இருந்தால் ரத்தநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பதைக் குறைத்து ரத்த அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துக்கு மாற்றுவது பற்றி அவர் யோசிப்பார். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் முன்பே ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் அது எப்படியும் தேவைப்படும்.

குறைந்த அளவு ஆஸ்பிரினை விட்டுவிடக் கூடாது. ஆனால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டினால் வினோதமாக ரத்தக்கசிவு வரலாம். அப்போது ஆஸ்பிரின் தொடரலாமா என்று உடனே கேட்க வேண்டும். குளித்தபின் வரும் அரிப்பு இந்த நோயுடையதே, சோப்பை மாற்றிப் பயனில்லை.