புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: கொளத்தூரில் வாங்கிவந்த தங்கமீன்களின் உடம்பில் ஒரே வாரத்தில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரர் தந்த மருந்தை ஊற்றியதும் இரண்டு நாளில் மறைந்தன, நிறுத்திவிட்டேன். இப்போது முன்னைவிட அதிகமாக வந்திருக்கின்றன. மருந்து போலியா? தொட்டி 60 லிட்டர்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: மருந்து போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நிறுத்திய நேரம்தான் தவறு. இது வெள்ளைப்புள்ளி நோய். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து வளர்கிறது. அங்கே இருக்கும்வரை தண்ணீரில் ஊற்றும் மருந்து அதைத் தொடாது. பெருத்ததும் தானே மீனை விட்டு இறங்கி, அடியில் உள்ள கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். மருந்து கொல்வது இப்படி நீந்தும் குஞ்சுகளைத்தான். ஆக, புள்ளி மறைந்தபோது எதிரி கீழே பெருகிக்கொண்டிருந்தான்.

25 முதல் 28 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்தால் இழுக்கும். மழைக்காலத்திலும் மார்கழியிலும் சென்னையில் தண்ணீர் சட்டென்று குளிர்வதால் மீனின் எதிர்ப்பும் குறையும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஹீட்டர் வைத்து மெல்ல 28, 29 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடேறினால் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 120 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அடிமணலைக் குழாயால் உறிஞ்சி கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாற்றிய தண்ணீருக்கு மட்டும் திரும்ப உப்பு. மெட்ரோ வாட்டர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். புள்ளியே இல்லாவிட்டாலும் இரண்டு வாரம் விடக்கூடாது. உப்போடு மருந்தும் தேவைப்பட்டால் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். தொட்டி சுத்தம் செய்யும் கெளுத்தி வகை மீன்கள் இருந்தால் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, பாதி உப்போடு சிகிச்சை தாருங்கள். உப்பும் மருந்தும் அவற்றுக்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது.

ஒரு விஷயம்: செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாகப் புள்ளி இருந்தால் அது நோயே இல்லை. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வருவது. நூல்போல ஏதாவது தொங்கினால் அது நங்கூரப்புழு, அதற்கு இந்த அளவு உப்பு போதாது.