தரையில் சொட்டு இல்லை, கூலன்ட் எங்கே போகிறது?

கேள்வி: எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். பத்து நாளில் கால் லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொன்றில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பிரஷர் டெஸ்ட் செய்யாமல் சொல்லியிருந்தால், இரண்டுமே வெறும் ஊகம். சிறிய கசிவு சூடான இன்ஜின் மேலேயே ஆவியாகிவிடும்; தரை நனையாது. ஆனால் உப்புப் பூத்ததுபோல் பச்சையாகவோ ரோஸாகவோ தடம் இருக்கும். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்ப்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகியவற்றைப் பாருங்கள். அந்தத் துளையில் கசிந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை எம்-சீல் வைத்து அடைக்கிறவர்களும் உண்டு. அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய் பம்பே சுழலாமல் இறுகிவிடும்.

பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றம் ஏறிய நாளில் மட்டும் அளவு இறங்குகிறதா? முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியே போகும். இருப்பதிலேயே விலை குறைந்த பாகம் அதுதான். பழைய மூடியில் 0.9, 1.1 என்று பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்து பிரஷர் டெஸ்ட். ஆறிய இன்ஜினில், மூடியில் உள்ள அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லையென்றால் கசிவு உள்ளே. முன் இருக்கைக்குக் கீழே கார்பெட் பிசுபிசுப்பு, கண்ணாடியில் இனிப்பு வாடையோடு மூட்டம் என்றால் கசிவது ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்). (வாடையற்ற, நிறமற்ற தண்ணீர் ஏசியிலிருந்து சொட்டுவது, அதற்குப் பயப்பட வேண்டாம்.) ஹெட் கேஸ்கெட் என்று சொன்னவரிடம் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓடவிட்டால், இன்ஜினில் பெட்ரோல் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருக்கும் பட்சத்தில் நீலம் மஞ்சளாகும். மாறினால்தான் ஹெட்டைக் கழற்றும் செலவுக்குச் சம்மதியுங்கள். கழற்றிய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: குறைந்ததற்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: வழியில் மாட்டிக்கொண்டால் மட்டும். கடலோரக் கிணற்று நீரின் உப்பு அலுமினிய ரேடியேட்டரைப் பொத்தலாக்கும். ஊற்றியிருந்தால், வீடு வந்ததும் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி; ‘ரெடி டு யூஸ்’ கேனில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதீர்கள்.