ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் எல்லாம் வந்த பிறகும் எம்பி3 பாட்டு சேர்த்து வைக்கிறவங்க இருக்கீங்களா? எதுக்கு?

இருக்கோம். எங்க வீட்ல டிவி பக்கத்துல இருக்குற டப்பாவைத் திறந்தா மெமரி கார்டும் பென்டிரைவும்தான் கிடக்கும்.

கேள்வி கேட்டவர் சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்கன்னு நினைக்கிறேன், வீட்ல வைஃபை, ஆபீஸ்ல வைஃபை, நடுவுல மெட்ரோல போனாலும் ஃபைவ் ஜி. அப்படி இருக்கிறவங்களுக்கு இது தேவையில்லாத வேலையாத்தான் தெரியும், அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இதே கேள்விக்குக் கீழ ஒருத்தர் "இன்னமும் எம்பி3 வச்சிருக்கிறவங்க டெக்னாலஜி தெரியாத பழைய ஆளுங்க"ன்னு எழுதியிருக்கார். அதைப் படிச்சதுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. நான் மொபைல் ஆப் டெஸ்டிங் வேலை பார்க்குறேன், என் சம்பளமே டெக்னாலஜிலதான் வருது.

எனக்கு ஊரு ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடம். அப்பா விசைப்படகு டிரைவர். எங்க பக்கம் விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி தொழில் நாள், காலைல கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிட்டு ராமேஸ்வரத்துல இருந்து கிளம்புனா மறுநாள் விடிஞ்சுதான் கரைக்கு வருவாங்க. அந்த ராத்திரி முழுக்க அப்பா ஸ்டீயரிங்ல முழிச்சிருக்கணும், மத்தவங்க மடி (மீன் விழுற வலை) தூக்குறதுக்கு நடுவுல கொஞ்சம் கண்ணசருவாங்க, அப்பாவால அது முடியாது. தூக்கம் வராம இருக்க டீயும் பாட்டும்தான். கார்ல மாட்டுற யுஎஸ்பி செட்டு ஒண்ணை போட்ல பேட்டரியோட சேர்த்து மாட்டியிருக்காங்க. அதுல ஸ்பாட்டிஃபை ஓடாது, பென்டிரைவ் சொருகுனா பாடும், அவ்வளவுதான்.

அந்த பென்டிரைவுக்குப் பாட்டு ஏத்துறது நான் காலேஜ் படிக்கும்போதுல இருந்து என் வேலை. அதுக்கு முன்னாடி மொபைல் கடையில காசு குடுத்து ஏத்திட்டு வருவாங்க. (பைரசிக்கு வக்காலத்தான்னு யாரும் கிளம்பி வராதீங்க, கடையில ஏத்துனது சட்டப்படி சரியில்லைன்னு எனக்கும் தெரியும். நான் ஏத்துறது சித்தப்பா கல்ஃப்ல இருந்து வரும்போது வாங்கிட்டு வந்த சிடிங்கள்ல இருந்து எடுத்ததும், காசு குடுத்து வாங்குனதும்தான். ஐடியூன்ஸ் ஸ்டோர்ல விக்கிற பாட்டை வேற எதுலயும் போட முடியாம இருந்த பூட்டை ஆப்பிள் 2009லயே எடுத்துட்டாங்க, வாங்குனா ஃபைல் நம்மளுது. வேணும்னா அதை எம்பி3யா மாத்திக்கலாம்.)

இந்த ஏத்துற வேலைலயும் விஷயம் இருக்கு. அந்த மாதிரி செட்டு நிறைய, ஃபைல் பேர் வரிசையில பாடாது, எந்தப் பாட்டை முதல்ல காப்பி பண்ணுனோமோ அதைத்தான் முதல்ல பாடும். எங்க போட்ல வரிசை முக்கியம். கிளம்பும்போது மாதா பாட்டு, அடுத்து நாகூர் ஹனிபா, ஏன்னா அப்பாகூட ரொம்ப காலமா தொழிலுக்கு வர்றவர் பாம்பன் பாய் ஒருத்தர். அதுக்கப்புறம் டிஎம்எஸ், நடுராத்திரி மேல இளையராஜா. அதனால மொத்தமா செலக்ட் பண்ணி இழுத்துப் போட்டா சரிவராது, ஃபோல்டர் ஃபோல்டரா வரிசையா காப்பி பண்ணணும். டிரைவ் 32 ஜிபிக்கு மேல வாங்குனா பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மட்ல வரும், பழைய செட்டு அதைப் படிக்காது, ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்டுக்கு மாத்தணும். பாட்டு பேரைத் தமிழ்ல போட்டா டிஸ்ப்ளேல கட்டம் கட்டமா வரும், அதனால நம்பர்தான் போட்டு வைப்பேன், அப்பாவுக்கு எந்த நம்பர்ல எந்தப் பாட்டுன்னு மனப்பாடம்.

குவாலிட்டி பத்தி யாராவது ஆரம்பிப்பீங்க. 128 கேபிபிஎஸ் (நம்பர் கூடுனா தரமும் கூடும், ஃபைலும் பெருசாகும்) எம்பி3 ஒரு நிமிஷத்துக்கு சுமாரா ஒரு எம்பி, அஞ்சு நிமிஷப் பாட்டு அஞ்சு எம்பி, 32 ஜிபில 6,000 பாட்டு அடங்கும். 320 கேபிபிஎஸ்ல நல்லா இருக்கும், ஹெட்ஃபோன்ல எனக்கும் வித்தியாசம் தெரியும். டீசல் எஞ்சின் காலுக்குக் கீழ ஓடிக்கிட்டிருக்குற இடத்துல அந்த வித்தியாசத்தை யாராலயும் கேட்க முடியாது.

"பிரீமியம் போட்டு போன்லயே டவுன்லோட் பண்ணிக்கலாமே"ன்னு கேட்பீங்க. நானே அப்பா போன்ல போட்டுக் குடுத்தேன், ஒண்ணும் தெரியாம பேசல. கிழக்குக் கடற்கரைல வருஷாவருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, அரசாங்கம் குடுக்குற நிவாரணம் தவிர வருமானம் கிடையாது, அதே நேரத்துலதான் போட்டைக் கரையேத்தி பெயின்ட், எஞ்சின் வேலைன்னு செலவும் வரும். அந்த ரெண்டு மாசம் எங்க ஊர்ல ரீசார்ஜே யோசிச்சு யோசிச்சுதான் போடுவாங்க, பாட்டுக்கு மாசச் சந்தா யார் கட்டுவா. சந்தா நின்னா டவுன்லோட் பண்ணி வச்சதும் பாடாது. சந்தா இருந்தாலும் ஸ்பாட்டிஃபைல 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டுக்கு வரணும். சம்பளம் மாசாமாசம் ஒண்ணாந்தேதி வர்றவங்களை மனசுல வச்சு செஞ்ச கணக்கு இது. கடல் தொழில்ல வருஷம் அப்படி ஓடாது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில பாட்டு கேக்குற ஆப் ஒண்ணை டெஸ்ட் பண்ற டீம்ல இருந்தேன், பேர் வேண்டாம். ஆப்போட ஆஃப்லைன் வசதியை நாங்க டெஸ்ட் பண்ணுன முறை என்னன்னா, போனை ஏரோபிளேன் மோட்ல போடணும், ஆப்பைத் திறக்கணும், பாட்டு ஓடுதா, பாஸ். லீவுக்கு ஊருக்கு வந்தப்ப அதே ஆப்பை அப்பா போன்ல போட்டு அனுப்புனேன். மறுநாள் வந்து "என்னம்மா, ராத்திரி பூரா சுத்திக்கிட்டே இருந்துச்சு, பாடவே இல்ல"ன்னாரு. போன்ல பாட்டெல்லாம் பத்திரமா டவுன்லோட் ஆகித்தான் இருந்துச்சு.

என்ன நடக்குதுன்னா, கரையைத் தாண்டிப் போகப் போக நம்ம சிக்னல் மெலிஞ்சுக்கிட்டே போகும், பார்டர் பக்கம் போனா போன் இலங்கை டவரைப் பிடிச்சுக்கும். தனுஷ்கோடிக்கு டூர் வர்றவங்க போனுக்கே வெல்கம் மெசேஜ் வரும், பார்த்திருப்பீங்க. மேல சிக்னல் கட்டம் நிறைய இருக்கும், ஆனா ரோமிங் பேக் இல்லாததால டேட்டா ஒரு துளி போகாது. ஏரோபிளேன் மோட்ல நெட் இல்லைன்னு ஆப்புக்கு உடனே தெரிஞ்சுரும், நேரா டவுன்லோட் லிஸ்டைக் காட்டும். இங்க அப்படி இல்ல. ஒரு கட்டம் சிக்னல் இருந்தாலே நெட் இருக்குன்னு நம்பி, முதல்ல லாகின் சரியான்னு சர்வர்கிட்ட கேக்கும், பதில் வராது, டைம்அவுட் ஆகுற வரைக்கும் காத்திருக்கும், திரும்பவும் கேக்கும். அதுக்குள்ள மனுஷன் போனைத் தூக்கி ஓரமா வச்சிருவான். இதைச் சரி பண்றது பெரிய வித்தை இல்ல, போன்ல இருக்குறதை முதல்ல காட்டிட்டு, சர்வர்கிட்ட கேக்குறதைப் பின்னால கேட்டுக்கலாம்.

நான் இதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோட, எப்படி வருதுன்னு ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி பக் (ஆப்ல இருக்குற குறை) போட்டேன். மீட்டிங்ல "நடுக்கடல்ல யாரு நம்ம ஆப்பைத் திறக்கப் போறா, இது எட்ஜ் கேஸ்"னு, அதாவது எப்பவோ ஒருத்தருக்கு வர்ற பிரச்சினைன்னு, மூடிட்டாங்க. எங்க அப்பா திறக்குறாருங்கன்னு சொன்னேன். ராமேஸ்வரத்துல ஒரு ஆளுக்காக ரிலீஸைத் தள்ள முடியாதுன்னாங்க. ஒரு ஆளா? ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், அங்கிட்டு தொண்டி, இங்கிட்டு ஏர்வாடி, கீழக்கரைன்னு இந்தக் கரை முழுக்க இருக்குறவங்க கையிலயும் இன்னைக்கு ஸ்மார்ட்போன்தான் இருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு கிளையன்ட், அதாவது எங்களுக்கு வேலை குடுத்த கம்பெனி, பக்கத்துப் பெரிய ஆள் ஒருத்தருக்கு, அவரோட ஆபீஸ் பேஸ்மென்ட் பார்க்கிங்ல கார்ல உட்கார்ந்து ஆப் திறந்தப்ப இதே மாதிரி சுத்தியிருக்கு. அந்த வாரமே சரி பண்ணுனாங்க. பழைய பக்கை யாரும் திறந்துகூட பார்க்கல, புதுசா ஒரு நம்பர் போட்டுக்கிட்டாங்க. இன்னைக்கு நினைச்சாலும் எனக்குப் பொறுக்கல. எல்லா கம்பெனியும் இப்படின்னு சொல்லல, இப்ப இருக்குற இடத்துல மெல்லிசு சிக்னலுக்குன்னே தனியா டெஸ்ட் வச்சிருக்கோம், அதை எழுதிக் குடுத்தது நான்தான்.

அதனால "டெக்னாலஜி தெரியாதவங்க"ன்னு சொன்னவருக்கு என் பதில் இதுதான்: சாஃப்ட்வேர் எழுதுறவங்க பெரும்பாலும் நெட் எப்பவும் இருக்குற இடத்துல உட்கார்ந்து எழுதுறாங்க, அது இல்லாத இடம் அவங்க நினைப்புக்கே வர்றதில்ல. அந்த இடத்துல இருக்குறவங்க ஃபைலைக் கையில வச்சிருக்கிறது விவரம் தெரிஞ்சுதான்.

பாட்டு ஆப் எத்தனை நாள் இருக்கும்னும் யோசிங்க. கூகுள் ப்ளே மியூசிக்கை 2020ல மூடினாங்க. கானா 2022ல காசு கட்டுனாத்தான்னு மாறுச்சு. ரெசோ 2024 ஜனவரியோட இந்தியாவுல போச்சு, அதே வருஷம் ஏர்டெல்லோட விங்க்கையும் மூடுறதா அறிவிச்சாங்க. ஆப் இருந்தாலும் பாட்டு இருக்குறது நிச்சயம் இல்ல, 2023ல ஜீ மியூசிக்ங்கிற பாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் முடிஞ்சப்ப ஸ்பாட்டிஃபைல இருந்து அவங்க பாட்டெல்லாம் எடுத்துட்டாங்க. எம்பி3க்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. லைசென்ஸ் குடுத்துக்கிட்டிருந்த ஜெர்மனி ஃப்ரான்ஹோஃபர் நிறுவனமே 2017ல அந்தத் திட்டத்தை முடிச்சுக்கிச்சு, இப்ப யார் வேணும்னாலும் ப்ளேயர் செய்யலாம், யாரும் வந்து மூட முடியாது.

எந்த ஆப்லயும் இல்லாத ஒண்ணும் எங்ககிட்ட இருக்கு. எங்க தாத்தா கரைவலை (கரையில நின்னு கயித்தால இழுக்குற வலை) இழுத்தவரு. கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவாங்க, ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க திருப்பிச் சொல்லிக்கிட்டே கயித்தை இழுப்பாங்க, இழுவை கூடக் கூட பாட்டும் வேகமாகும். அவரு கடைசிக் காலத்துல திண்ணையில உட்கார்ந்து பாடுனதை சித்தப்பா பழைய நோக்கியா போன்ல பிடிச்சு வச்சிருந்தாரு. ஏஎம்ஆர் ஃபார்மட், போன் பேச்சுக்குன்னு செஞ்சது, 8 கிலோஹெர்ட்ஸ்ல பதிவாகுறதால மேல் சத்தம் எல்லாம் வெட்டுப்பட்டுத்தான் கேக்கும். ஆனாலும் அவரு மூச்சு வாங்குறதுகூட அதுல இருக்கு. ஒரிஜினல் ஃபைலை அப்படியே வச்சுக்கிட்டு ஒரு எம்பி3 காப்பி எடுத்து அப்பா பென்டிரைவ்ல போட்டேன். இங்க பதில் படிக்கிறவங்க வீட்லயும் பழைய போன்ல இந்த மாதிரி ஏதாவது கிடக்கும், பேட்டரி உப்பி போன் திறக்காமப் போறதுக்கு முன்னாடி எடுத்துருங்க.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லைன்னு யாரும் ரிப்போர்ட் பண்ணாதீங்க. ஃப்ரீயா பாட்டு கேட்டா விளம்பரம் வருது, சரி, அவங்களும் பிழைக்கணும். ஆனா கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் பாட்டு ஆப், வீடியோ ஆப்னு எதைத் திறந்தாலும் ரம்மி விளம்பரமா வந்துச்சே, அதை யாராவது கணக்குல எடுத்தீங்களா? எங்க தெருவுல ஒரு அண்ணன், போட்ல கூலிக்குப் போறவரு, தடைக்காலத்துல சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல அதுல இறங்கி, நிவாரணப் பணமும் போயி, அண்ணி தோடும் அடகுக்குப் போச்சு. தமிழ்நாட்டுல 2022ல தடைச் சட்டம் கொண்டு வந்து, அது கவர்னர்கிட்ட ஒரு ரவுண்டு, கோர்ட்ல ஒரு ரவுண்டுன்னு சுத்தி, 2025 ஆகஸ்ட்லதான் காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கு மத்திய சட்டமே வந்துச்சு. நானும் கேம் ஆடுறவதான், ஃப்ரீ ஃபயர் ஆடுற பசங்களையோ கேம் செய்யுற கம்பெனில வேலை பார்க்குறவங்களையோ சொல்லல. சும்மா கிடக்குற மனுஷனைத் தேடிப் பிடிச்சு விளம்பரம் காட்டுனதைத்தான் சொல்றேன்.

பென்டிரைவ்ல விளம்பரம் வராது.

நானும் ஸ்பாட்டிஃபை வச்சிருக்கேன், புதுப் பாட்டு தேட அதைவிட வசதி இல்ல, பிள்ளைங்க கேக்குறதை நிறுத்தச் சொல்லவும் இல்ல. கேள்வி கேட்டவருக்கு ஆரம்பிக்கணும்னு எண்ணம் இருந்தா, இல்லாம இருக்க முடியாதுன்னு தோணுற பாட்டை மட்டும் முதல்ல வாங்கி வைங்க. ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல, ஒரு காப்பி வெளிய, ரெண்டும் ஒரே பையில வேண்டாம். எங்க மாதிரி கடலோரத்துல இருந்தீங்கன்னா பென்டிரைவை மூடி போட்டது பார்த்து வாங்குங்க, உப்புக் காத்துக்கு அந்த யுஎஸ்பி முனைதான் முதல்ல துரு ஏறும், அப்பப்ப காஞ்ச துணியால துடைச்சு வச்சா கொஞ்ச காலம் கூட வரும்.