அப்பாவுக்குக் குடல் கேன்சர், எனக்கும் வருமா?

குடல் பயாப்சி ஸ்லைடுகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கே: அப்பாவுக்கு 68 வயதில் பெருங்குடல் கேன்சர். 'மரபணு மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்கும் வருமா டாக்டர்?

ப: எந்தக் கேன்சரும் மரபணு கெட்டுத்தான் வரும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது வயதாக ஆகக் குடல் செல்லில் மட்டும் கெடுகிறது; விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லாததால் பிள்ளைக்குப் போகாது. வழக்கமாக முதலில் ஏ.பி.சி. என்ற மரபணு பழுதாகிச் குடல் சுவரில் சின்னதாக ஒரு பாலிப், அதாவது சதை மொட்டு, முளைக்கும். அப்புறம் கே-ராஸ், பிறகு டி.பி.53. பாலிப் கேன்சராக மாறப் பத்து வருடம் போலப் பிடிக்கும். அதற்குள் கொலோனோஸ்கோபியில் (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) எடுத்துவிட்டால் தொல்லை விட்டது. அப்பாவுக்கு இருந்ததால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். 40 வயதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: அம்மாவுக்கு 46 வயதில் கர்ப்பப்பை கேன்சர். தாய்மாமாவுக்கு 41-ல் பெருங்குடலில். இரண்டும் வேறு வேறு நோய்தானே?

ப: கர்ப்பப்பையின் வாயா, உட்சுவரா? நம் வீடுகளில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். வாயில் வருவது வைரஸால் வருவது, அதற்கும் மாமாவின் குடல் கேன்சருக்கும் சம்பந்தமில்லை. உட்சுவர் என்றால், இரண்டையும் சேர்த்து வரவழைக்கும் லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம்.

1895-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தையல்வேலை செய்த ஒரு பெண், வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம், "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வயிறு, குடல், கர்ப்பப்பை கேன்சரில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்று சொன்னார். அப்படியே கர்ப்பப்பை கேன்சரில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913-ல் எழுதினார். 1960-களில் ஹென்றி லிஞ்ச் விடாமல் இதையே துரத்தியதால் அவர் பெயர் நிலைத்தது.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கிறது. அதில் விழும் பிழைகளைத் திருத்தும் நான்கு மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுது என்றால் அதுதான் லிஞ்ச். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமாவின் கட்டிக்கு, அந்த நான்கு மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களைக் காட்டும் சாயம் போடச் சொல்லுங்கள். புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகத் தெரியும். இல்லையென்றால் சுற்றியுள்ள நல்ல செல்கள் பழுப்பாக இருக்க, கட்டி மட்டும் நீலமாக வெளுத்து நிற்கும்.

கே: அம்மாவுக்கு 74 வயது. குடல் கட்டியில் 'எம்.எல்.ஹெச்.1 இல்லை' என்று வந்திருக்கிறது. லிஞ்ச்தானா?

ப: பதறாதீர்கள். எம்.எல்.ஹெச்.1 அந்த நான்கில் ஒன்று. இந்த வயதில் அந்த மரபணு பழுதாகாமலே, மேலே ரசாயனப் பூட்டு விழுந்து அணைந்துபோவதுதான் அதிகம். கட்டியில் பி-ராஃப் என்ற மரபணுவின் பரிசோதனை கேளுங்கள். அதில் வி600ஈ என்ற மாற்றம் இருந்தால் லிஞ்ச் இல்லை என்று ஏறக்குறைய உறுதி.

கே: அண்ணனுக்கு 40 பாலிப். அப்பா அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் மாமன் மகள், அத்தை மகன்.

ப: நூற்றுக்கணக்கில் பாலிப் வந்தால் ஏ.பி.சி. பிறவியிலேயே பழுதோ என்று சந்தேகிப்பேன். 40 என்றால், அதுவும் சொந்தத்தில் திருமணம் என்றால், எம்.யூ.டி.ஒய்.ஹெச். மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். இது இரண்டு பக்கமிருந்தும் பழுது வந்தால்தான் நோயாகும். ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். அதுதான் என்றால் உங்களுக்கு வாய்ப்பு நாலில் ஒன்று.

கே: எனக்கு நோய் இல்லை. நேராக எனக்கே டெஸ்ட் எடுக்கலாமா?

ப: முதலில் நோயாளிக்கு எடுங்கள். குடும்பத்தில் எந்த மரபணுவில் எந்த எழுத்து பிழை என்று தெரியாமல் உங்களுக்கு 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது. அவர் உயிரோடு இல்லையென்றால், ஆபரேஷன் நடந்த இடத்தில் அவர் கட்டியின் மெழுகு பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) கேளுங்கள். பல வருடம் வைத்திருப்பார்கள். ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், பிளாக் வேண்டும்.