அப்பா மறைத்த கதவு

அன்புள்ள ஐயா,

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. பீரோவை ஒழித்தபோது சோழவரம் கார் ரேஸில் எடுத்த பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன. பழைய கார்ப் பிரியர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டு எடுத்துப்போனேன். ஒரு படத்தில், பானெட் தூக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார். இது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வண்டிக்கு இரண்டு கதவா நான்கு கதவா என்று முக்கால் மணி நேரம் சண்டை. "இந்த ஆள் ஓரடி தள்ளி நின்றிருக்கலாம்" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். படங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவர்களுக்கு மனிதர்களே கண்ணில் பட மாட்டார்களா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

"இந்த ஆள்" என்றது தப்புதான். யாருடைய அப்பா என்று கேட்டுவிட்டு அப்புறம் கதவை எண்ணியிருக்கலாம். ஆனால் அந்தச் சண்டையை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரான்ஸில் ழாக் ஆன்ரி லார்த்திக் என்று ஒருவர். சின்ன வயதிலிருந்தே கேமராவும் கையுமாக இருந்தவர். பதின்ம வயதில் ஒரு கார் பந்தயத்தைப் படமெடுத்தார். படத்தில் காரின் முன்பாதி இல்லை. சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்களோ பின்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் பாகம், ஒரு திரை. அதிலுள்ள ஒடுங்கிய இடைவெளி கண்ணாடித் தகட்டின் மேல் நகர்ந்து போகும். ஒரு பக்கம் பதிந்து மறுபக்கம் பதிவதற்குள் கார் தள்ளிப் போய்விடும், சக்கரம் சாய்ந்துவிடும். காரைத் துரத்திக் கேமராவையும் அவர் திருப்பியதால், சும்மா நின்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 69 வயது. அதற்குப் பிறகுதான் உலகம் அவரை அறிந்தது. இன்று வேகம் என்றாலே அந்தச் சாய்ந்த சக்கரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

இந்தப் படத்தின் பெயரில்தான் வில்லங்கம். 1912 கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் ஓடிய டெலாஜ் கார் என்றே நெடுங்காலம் அச்சிட்டார்கள். கலை விமர்சகர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உங்களைக் கோபப்படுத்திய ஜாதியைச் சேர்ந்த பந்தயப் பைத்தியங்களுக்குத்தான் வந்தது. 1912-இல் தியெப்பில் நடந்த அந்தப் பந்தயத்தில் டெலாஜ் ஓடவே இல்லை! வண்டியில் எழுதியிருந்த 6 என்ற எண்ணையும் வண்டியின் அமைப்பையும் வைத்துத் துருவினார்கள். அது ஷ்னைடர் கார், ஓட்டுபவர் க்ரோக்கே, இடம் அமியான், ஆண்டு 1913 என்று முடிவானது. படத்தை எடுத்தவரே தவறாகக் குறித்து வைத்திருந்ததை, படத்தில் இருந்த வண்டி திருத்திவிட்டது.

உங்கள் ஹெரால்டுக்கு வருவோம். அது நம் சென்னையிலேயே தயாரான வண்டி. முதலில் வந்ததற்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு பின்னால் வந்தது, அதுவும் இந்தியாவில் மட்டும். ஆக, கதவை எண்ணுவது ஆண்டை எண்ணுவது. உங்கள் அப்பா நிற்கும் இடத்தில் பின்கதவு இருந்தால் படம் சில வருடம் இந்தப் பக்கம் வந்துவிடும். அப்போது அவருக்கு எத்தனை வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, அம்மா கூட்டத்தில் எங்காவது நிற்கிறாரா, எல்லாமே அந்தக் கதவைப் பொறுத்தது. அவர்கள் இதற்காகச் சண்டை போடவில்லை என்பது எனக்கும் தெரியும். பலன் உங்களுக்குத்தான்.

சோழவரத்தில் பந்தயத்துக்கென்று கட்டிய தடம் கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் கால விமானத் தளம். அந்த ரன்வேயில்தான் ஃபியட்டும் ஹெரால்டும் பறந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்துவிட்டது. ஆகவே மிச்சம் இருப்பது இப்படி பீரோக்களில் கிடக்கும் படங்கள்தான்.

ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்யும்போது வெள்ளை ஓரத்தோடு செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பென்சில் கிறுக்கல், ஸ்டூடியோ முத்திரை எதையும் துடைக்க வேண்டாம். போனில் வண்ணம் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். என் பெரியப்பா தன் லாரியோடு நிற்கும் படத்தை, சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நானே ஓரம் வெட்டினேன். வெட்டி எறிந்த துண்டில் ஓர் ஊர்ப் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. எந்த ஊர் என்று இன்றைக்கு வீட்டில் சொல்ல ஆளில்லை.

அடுத்த ஞாயிறு திரும்பப் போங்கள். உட்கார்ந்ததும், "இது என் அப்பா, பெயர் இன்னது" என்று சொல்லிவிட்டுப் படத்தை மேஜையில் வையுங்கள். மற்ற பதினொரு படங்களையும் எடுத்துப்போங்கள். ஏதாவது ஒன்றில் அதே வண்டி தனியாக நிற்கலாம்.