ராதி ஓடுபாதை – கடிதம்

ஐயா, வணக்கம்.

எஸ்டோனியாவின் தேசிய அருங்காட்சியகம் சோவியத் ராணுவத்தின் பழைய ஓடுபாதையில் கட்டப்பட்டது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அரை நூற்றாண்டு தங்களை அடக்கி வைத்திருந்த படையின் இடத்தில் போய் ஏன் தங்கள் வரலாற்றை வைக்கிறார்கள்? வேறு இடமா கிடைக்கவில்லை?

க., கோவை

அன்புள்ள க.,

அந்த ஒரு வரியை நான் விரித்து எழுதியிருக்க வேண்டும். அந்த ஓடுபாதை இருக்கும் ராதியில் சோவியத் படைக்கு முன்பே குடியிருந்தது அருங்காட்சியகம்தான்.

எஸ்டோனியாவின் தார்த்து நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது ராதி. லிப்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்தின் மாளிகை அங்கே இருந்தது. 1909இல் தொடங்கிய அருங்காட்சியகம் 1920களில் அந்த மாளிகைக்குக் குடிவந்தது. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த மரக் குவளைகள், கம்பளிக் கையுறைகள், குடியானவர்களின் ஆடைகள், எல்லாம் அங்கே இருந்தன. 1944இல் போர் வந்தபோது மாளிகை எரிந்தது. நல்லவேளையாக, பொருட்களில் பெரும்பகுதியை முன்பே வெளியூர்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பொருட்கள் தப்பின, திரும்பி வரத்தான் வீடு இல்லை. போருக்குப் பிறகு சோவியத் படை அங்கே விமானத்தளத்தைப் பெரிதாக்கிக்கொண்டது.

அப்புறம் பல பத்தாண்டுகள் து-16, து-22எம் குண்டுவீச்சு விமானங்களின் காலம். தார்த்து, 1632இலேயே பல்கலைக்கழகம் கண்ட ஊர். அந்த ஊரில் அந்தக் காலத்தில் வெளிநாட்டவர் ஓர் இரவு தங்கக்கூட முடியாது. காரணம் இந்தத் தளம்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1987 முதல் 1991 வரை இங்கிருந்த குண்டுவீச்சு விமானப் பிரிவுக்குத் தளபதியாக இருந்தவர் ஜோகர் துதாயெவ். செச்சென்யர். மாளிகை எரிந்த அதே 1944இல் ஸ்டாலின் செச்சென்ய மக்களை மொத்தமாக நாடு கடத்தியபோது, கைக்குழந்தையாகக் கஜகஸ்தானுக்குப் போனவர். எஸ்டோனியர்கள் விடுதலை கேட்டு எழுந்ததைத் தளபதி நாற்காலியிலிருந்து பார்த்தார். 1991இல் தன் மண்ணுக்குத் திரும்பி, ரஷ்யாவிடமிருந்து விடுதலை கேட்ட செச்சென்யாவின் அதிபரானார். 1996இல் ரஷ்ய ஏவுகணைக்குப் பலியானார். தார்த்துவில் அவருடைய அலுவலகம் இருந்த கட்டடம் பின்னாளில் ஹோட்டலானது. அதன் சுவரில் எஸ்டோனியர்கள் அவருக்கு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆக்கிரமிப்புப் படையின் தளபதிக்கு அந்த மக்கள் வைத்த பலகை!

1994 ஆகஸ்ட் 31இல் ரஷ்யப் படை எஸ்டோனியாவை விட்டு வெளியேறியது. ஓடுபாதையில் கொஞ்ச காலம் பழைய கார் வியாபாரம் நடந்தது. அருங்காட்சியகத்தின் புதிய கட்டடத்துக்கான வடிவமைப்புப் போட்டி 2005இல் வந்தது. வென்றவர்கள் மூன்று கட்டடக் கலைஞர்கள்: பெய்ரூத்தில் பிறந்த லினா கோத்மே, ஜப்பானியர் த்சுயோஷி தானே, இவர்களோடு டான் டோரெல். ஓடுபாதையைப் பற்றி யாரும் கேட்காமலே, கட்டடத்தை அதன் நுனியோடு இணைத்து வரைந்தார்கள். திட்டத்துக்கு ‘நினைவு வெளி’ என்று பெயர். எதிர்ப்பும் வாதமும் நிறைய. 2016இல்தான் திறந்தார்கள்.

கட்டடத்தின் நீளம் சுமார் 355 மீட்டர். ஓடுபாதைப் பக்கம் தாழ்ந்து கிடக்கும் கூரை, நகரத்தை நோக்கி மெல்ல மெல்ல உயர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓடுபாதையே தலை தூக்கியதுபோல இருக்கும். மறுகோடி வாசலில் வெளியே வந்தால் எதிரே நீண்டு கிடப்பது அந்தப் பழைய கான்கிரீட்தான். வேறு இடம் தேடியிருக்கலாம், சரி. ஆனால் ராதியை விட்டிருந்தால் 1944இல் இழந்த வீட்டை இழந்ததாகவே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.